வலது முன் சக்கரம்

“வண்டி ஓடறதுக்குப் பெட்ரோல் போடறோம். நிக்கறதுக்கு என்னப்பா போடறோம்?”

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. பெட்ரோல் பங்கில், பின்சீட்டின் மேல் நின்றுகொண்டு, அவருடைய தோளில் முகவாயை ஊன்றியபடி கேட்டாள். “பிரேக் போடறோம்மா” என்றார். “அது எந்தக் கடையில விக்கும்?” என்றாள். குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் சிரித்ததில் நாலு சொட்டு தரையில் சிந்தியது. பதினெட்டு வருடம் கழித்து, அதே வண்டிக்காக, அந்தக் கடையைத் தேடித்தான் அவர் போக வேண்டியிருந்தது. முன்சக்கரங்களோடு சுற்றும் இரண்டு டிஸ்க், அவற்றை இறுக்கிப் பிடித்து நிறுத்தும் நாலு பேட். அட்டைப்பெட்டிகள் நினைத்ததைவிடக் கனத்தன. இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

பழைய டிஸ்க்கைக் காட்டியது வொர்க்‌ஷாப்காரர். “விரலை வெச்சுப் பாருங்க. ஓரத்துல மேடு, நடுவுல பள்ளம். சோறு போட்டுச் சாப்பிடலாம் போல இருக்கு. உங்க வீடு வேற இறக்கத்து உச்சியில. தள்ளிப் போடாதீங்க” என்றார். தன்னால் பதினைந்து நாளைக்கு வண்டியைத் தொடக்கூட முடியாது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். திங்கட்கிழமை அவருடைய அக்காவுக்குக் கண் ஆபரேஷன். நாலு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. பதினைந்து நாள் அவர்களிடம் இல்லை.

வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்றாள் மகள். அக்கா ஒப்பவில்லை. “முன்னபின்ன தெரியாதவன் வண்டியில, கண்ணும் தெரியாம ஏறி உக்காந்துக்கிட்டு... வேணாம் தம்பி. நம்ம வண்டியிலயே போறேன். பாப்பா ஓட்டட்டும்” என்றாள். அவருடைய மனைவி காலமான வருடம், ஒரு தையல் மெஷினையும் ஒரு பெட்டியையும் எடுத்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள் அக்கா. குழந்தையை வளர்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், ஊருக்கெல்லாம் தைத்தாள். இது வேண்டும், அது வேண்டாம் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்ட இந்த ஒன்றை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை அவருக்கு விடுப்பு கிடையாது. முதலாளி வெளியூரில். மருந்துக்கடையைத் திறக்க வேறு ஆள் இல்லை. மத்தியானம் கடையை மூடிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

பேட் மாற்றுவது அவருக்குப் பழக்கம்தான். இரண்டு தடவை செய்திருக்கிறார். டிஸ்க் மாற்றியதில்லை. ஆனால் அவர் படித்துச் செய்கிறவர். முப்பது வருடம் மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்தவர்; பெயரை இரண்டு முறை, அளவை மூன்று முறை படிக்காமல் ஒரு மாத்திரையையும் அவர் கை கொடுத்ததில்லை. அதே போலச் செய்முறையை ஒரு தாளில் தன் கையெழுத்தில் எழுதி, காற்றில் பறக்காமல் சுவரில் ஒட்டினார். முதல் வரி: பின்சக்கரங்களுக்குக் கல் வைக்கவும். கடைசி வரி: ஓட்டுவதற்கு முன் பிரேக்கைப் பல முறை மிதிக்கவும். அதற்கும் கீழே, இடம் மிச்சமிருந்ததால், கடவுளை நினைக்கவும் என்று எழுதினார்.

சனிக்கிழமை காலை மகள் பல் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும்போது அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். “பழசு வராம அடம் பிடிச்சா, பல்லு மாதிரி ஆட்டி ஆட்டி எடுங்கப்பா. இழுத்தீங்கன்னா உடைஞ்சிரும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புதிய டிஸ்க்குகளின் மேல் கடையிலிருந்து வரும்போதே ஒரு பிசுபிசுப்பான பூச்சு இருந்தது. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுவது. மாட்டுவதற்கு முன் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் எடுத்துவிட வேண்டும். தாளில் அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். இரண்டையும் வாசல் கூரைக்குக் கீழே செய்தித்தாளின் மேல் வைத்து, பிசுக்குப் போக்கும் மருந்து தெளித்து, வெள்ளைத் துணியால் துடைத்தார். துணியில் அழுக்கு வராத வரை துடைத்தார். முகம் தெரியவில்லை, ஆனால் முகத்தின் நிழல் தெரிந்தது. திருப்தியாக இருந்தது.

இடது சக்கரம் சொன்னபடி கேட்டது. பேட்டை அழுத்தும் காலிப்பரைக் கழற்றி, அதன் குழாய் இழுபடாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். பழைய டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டினார். பதினோராவது தட்டில் அது நெட்டி முறித்தது போல ஒரு சத்தத்துடன் கழன்று வந்தது. புதியது கச்சிதமாக உட்கார்ந்தது. ஒவ்வொரு நட்டையும் முடுக்கும்போது உதட்டுக்குள் ஒரு சிறு பிரார்த்தனை சொன்னார். சொல்லி முடியும் வரை ஸ்பேனரை விடவில்லை.

வலது பக்கம் மக்கர் செய்தது. டிஸ்க்கைப் பிடித்திருந்த சின்ன ஸ்க்ரூவின் தலை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. ஆட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். கடைசியில் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, அதைக் குடைந்து எடுக்கும் கருவி வாங்க இரும்புக்கடைக்கு நடந்தார். மழை வரும் போல இருந்தது. கடையில் கூட்டம். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி.

“வந்துட்டியா? தூறல் போட்டுச்சு. உன் இரும்பெல்லாம் பத்திரமா இருக்கு. நான் பாத்துக்கிட்டேன்.”

“உனக்கு ஏன்க்கா சிரமம்? உள்ள போய்ப் படு.”

“படுத்துப் படுத்து முதுகு பாய் ஆயிருச்சு” என்று எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள்.

மழை வலுக்கும் முன் முடித்துவிட வேண்டும் என்ற பரபரப்பு அவருக்கு. ஸ்க்ரூவைக் குடைந்து எடுத்தார். துடைத்து வைத்திருந்த டிஸ்க்கை ஓரத்தில் பிடித்துத் தூக்கி மாட்டினார். பேட் வைத்தார். நட்டுகளை முடுக்கினார். பிரேக்கைப் பல முறை மிதித்தார். முதலில் பாதாளம் வரை போன பெடல் ஏழாவது மிதியில் கெட்டிப்பட்டு நின்றது. தாளில் எல்லா வரிகளுக்கும் நேரே பென்சிலால் ஒரு டிக்.

மகள் திரும்பி வந்திருந்தாள். கேட்டருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வண்டியை வீட்டுக்கு முன்னாலுள்ள சமதளத்தில் மெதுவாக ஓட்டி, பிரேக்கை மிதித்தார். நின்றது. திரும்பி வந்து கொஞ்சம் வேகம் எடுத்து மிதித்தார். ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு இடது பக்கம் திரும்பியது. பக்கத்து வீட்டு மதில் கண்ணாடி முழுவதும் வந்து நின்றது. மகள் “அப்பா!” என்று கத்தியது, வண்டி நின்ற பிறகுதான் அவர் காதில் விழுந்தது. மதிலுக்கும் பம்பருக்கும் இடையில் ஒரு சாண்.

“ஒண்ணுமில்ல. ஒரு பக்கம் சரியா பிடிக்கல. பாத்துடறேன். நீ போய்ச் சாப்பிடு” என்றார். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. இது சமதளம். வீட்டுக்குக் கீழே இறக்கம் அரை மைல். அதன் அடியில் நாற்சந்தி.

மறுபடியும் ஜாக்கி, மறுபடியும் கல். இடது பக்கம் இழுக்கிறதென்றால் இடது பிடிக்கிறது, வலது பிடிக்கவில்லை. நட்டுகளை ஒவ்வொன்றாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்ன விட்டேன்? எந்த வரியை விட்டேன்? காலிப்பர் இறுகிக்கொண்டதா? குழாயில் காற்றா? சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு டிஸ்க்கின் மேல் ஒரு விரலை வைத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

முகர்ந்து பார்த்தார்.

அந்த வாசனைக்கு அவரிடம் பெயர் கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூட நாளிலிருந்து அந்த வாசனையில் வளர்ந்தவர். தையல் மெஷின் எண்ணெய். தூறல் போட்டதும் சாரலில் வெறும் இரும்பு நனைந்து துருப்பிடித்துவிடுமே என்று பதறி, அக்கா உள்ளே போய்த் தன் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்திருக்கிறாள். கத்தரிக்கோலுக்குப் போடுகிற மாதிரி, ஊசித்தண்டுக்குப் போடுகிற மாதிரி, இரண்டு பக்கமும் போட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்திருக்கிறாள். எண்ணெய் விஷயத்தில் அவளுக்கு ஒரு தொழில் விதி உண்டு: “போட்டது கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஆனா இருக்கணும்.” இல்லாவிட்டால் வாடிக்கையாளரின் துணியில் கறை ஏறிவிடும். நாற்பது வருடம் அப்படிப் போட்ட கை. அவர் கண்ணுக்கும் தெரியவில்லை. இடது பக்கத்து டிஸ்க் முன்பே மாட்டியாகிவிட்டது, இல்லையென்றால் அதற்கும் போட்டிருப்பாள். எண்ணெய் பேட்டில் ஊறிவிட்டது. இனி அது உதவாது.

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அந்த டிஸ்க்கை நம்பி அந்த இறக்கத்தில் போக இருந்தவள் அவளேதான்.

உள்ளே மகள் தட்டில் எதையோ போட்டுக்கொண்டே அத்தையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். யாரும் யாரையும் திட்டப் போவதில்லை. ஆனால் மகள் சிரிப்பாள், அன்போடுதான் சிரிப்பாள். ஆறு மாதத்துக்கு முன்பும் ஒருத்தி அன்போடுதான் சிரித்தாள். அக்கா தைத்துக் கொடுத்த சட்டையில் பட்டன் ஒரு பக்கமும் காஜா ஒரு பக்கமும் ஏறுமாறாக இருந்தன. “பரவாயில்லக்கா, வயசாயிடுச்சில்ல” என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போன சாயங்காலம் அக்கா மெஷினின் மேல் உறையைப் போட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. கண்ணு போனா கையும் போச்சு என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். ஆறு மாதத்தில் அவள் தானாக எழுந்துபோய்ச் செய்த முதல் வேலை இந்த டிஸ்க். வாசற்படியில் அவள் முகத்தில் பார்த்த தெளிச்சி என்னவென்று இப்போதுதான் புரிந்தது.

அவருக்கு வேறொரு நாளும் நினைவுக்கு வந்தது. அவருக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பதினேழு. ஒரு அம்மாளின் தையல் கடையில் அவள் வேலை கற்றுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு அங்கே போய்க் காத்திருந்த ஒரு நாள், மேஜை மேல் கிடந்த பட்டுத்துணியில் பெரிய கத்தரிக்கோலை ஓட விட்டுப் பார்த்தார். எவ்வளவு சுகமாகப் போனது அது! கல்யாணப் பெண்ணின் துணி. அந்த அம்மாள் வந்து நின்றபோது தன் கையிலிருந்த கத்தரிக்கோலை அக்கா எப்போது வாங்கினாள் என்றுகூட அவருக்குத் தெரியாது. “கை தவறிடுச்சும்மா” என்றாள். அன்றோடு அந்த வேலை போனது. வீட்டுக்கு நடந்து வரும்போது பட்டாணி வாங்கிக் கொடுத்தாள். ஏன்டா என்று ஒரு வார்த்தை இல்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. அவளுக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கும் தைரியம் அவருக்கு வந்ததே இல்லை. கேட்காத கடன்தான் வட்டி இல்லாமலே வளர்கிறது.

எழுந்தார். டிஸ்க்கைத் துடைத்தார், தெளித்தார், மறுபடி துடைத்தார். வாசனை போகும் வரை துடைத்தார். ஊறிப்போன பேட் இரண்டையும் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, புது பேட் வாங்க, கடை மூடுவதற்குள் பஸ் பிடித்தார்.

உதிரிபாகக் கடைக்காரர் பேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “என்ன சார் இது, வடை சுட்ட மாதிரி? புது டிஸ்க்கத் துடைக்காம யாராவது மாட்டுவாங்களா?”

“மறந்துட்டேன்.”

“மருந்துக்கடைல இருக்கீங்க இல்ல? அங்கயும் இப்படித்தானா?” கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார். காது மட்டும் சுட்டது.

ஆனால் கடைக்காரரின் கேலி பெரிதில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, அத்தை படுத்துவிட்டதை எட்டிப் பார்த்துவிட்டு மகள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னாச்சுப்பா நிஜமா?”

“துடைக்காம மாட்டிட்டேன்மா. என் தப்பு.”

“காலைல நான் போறப்பவே துடைச்சிட்டிருந்தீங்களே.”

“ஒண்ணைத் துடைச்சேன். ரெண்டையும் துடைச்சதா நினைச்சுட்டேன்.”

“எங்க டாக்டர்கிட்ட நீங்க வேலை பார்த்தா நல்ல பல்லைப் பிடுங்கிட்டுச் சொத்தைப் பல்லை விட்டிருப்பீங்க” என்றாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அப்பா, கோவிச்சுக்காதீங்க. இதை மறந்தா வேற எதையாவதும் மறந்திருக்கலாம் இல்ல? நான் இதுல அத்தையை உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகலாமா?”

அந்தக் கேள்விதான் உள்ளே போய்க் குத்தியது. உண்மையைச் சொன்னால் ஒரு நொடியில் மகளின் பயம் போய்விடும். அவருடைய மானமும் திரும்பக் கிடைக்கும். சொல்லாவிட்டால், அந்த இறக்கத்தில் அவள் அப்பாவை நம்பாத கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பயந்த கை எதையும் சரியாகச் செய்யாது. நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்து அறையில் அக்கா இருமினாள். கட்டிலில் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

“நீ கேக்கறது நியாயம். என்னை நம்பாத” என்றார். “நாளைக்கு நீயே பக்கத்துல உக்காரு. ஒவ்வொண்ணையும் நீயே பாரு. உனக்குச் சம்மதம்னாதான் வண்டி போகும். இல்லன்னா அத்தை கால்ல விழுந்தாவது வாடகைக் கார்ல ஏத்தறேன்.”

அன்றிரவு அவர் பிரார்த்தனை நீளமாக இருந்தது. பொய் சொன்னதற்கு மன்னிப்பு கேட்டார். அந்தப் பொய்யைக் காப்பாற்றிக் கொடுக்கும்படியும் கேட்டார். இரண்டையும் ஒரே பிரார்த்தனையில் கேட்கலாமா என்று தெரியவில்லை. மேலே இருப்பவர் கணக்கு வாத்தியார் இல்லை என்று தைரியப்படுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். அவள் ஒரு வரியைப் படிப்பாள், அவர் அதைச் செய்து காட்டுவார். நேற்று சரியாகச் செய்திருந்த இடது பக்கத்தையும் அவள் கழற்றச் சொன்னாள். கழற்றினார். டிஸ்க்கின் மேல் அவள் வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்து, துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நட்டுகளைக் கடைசியாக அவளே முடுக்கினாள். வயதான மனிதர் ஒருவர் தன் வீட்டு வாசலிலேயே பரீட்சை எழுதிக்கொண்டிருப்பது போல இருந்தது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, “அப்பனை ரொம்ப மிரட்டாதடி. பாவம், நேத்தெல்லாம் மழையில நனைஞ்சிருக்கான்” என்றாள்.

“மிரட்டினாத்தான் அத்த ஒழுங்கா வேலை நடக்குது.”

பிறகு மகள் ஓட்டினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சமதளத்தில் பத்து முறை. நேராக நின்றது. இறக்கத்தின் தொடக்கத்தில் இரண்டு முறை. நேராக நின்றது. அவள் ஒரு நொடி ஸ்டியரிங்கிலிருந்து விரல்களைத் தூக்கிப் பார்த்தாள். வண்டி கோடு போட்டது போலப் போய் நின்றது. “சரி” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நேற்று வரை அவளிடம் இருந்த ஏதோ ஒன்று அந்தச் சரியில் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அது திரும்பி வர நாளாகும். ஒருவேளை முழுதாக வராது. அதை அவர் கொடுத்துவிட்டார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது முறையில்லை.

திங்கட்கிழமை காலை வெளிச்சம் தெளிவாக இருந்தது. அக்காவைக் கை பிடித்து முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டை அவரே மாட்டினார். மகள் ரிப்போர்ட் ஃபைலை மறந்துவிட்டு அதை எடுக்க உள்ளே ஓடினாள். தெருவில் யாரும் இல்லை. அக்கா தலையைச் சாய்த்து, அவர் நிற்கும் பக்கத்தை உத்தேசமாகப் பார்த்தாள்.

“தம்பி, பயப்படறியா?”

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத. உன் மூச்சே சொல்லுது. பாரு, நான் உன்கிட்டச் சொல்லணும்னு நினைச்சு மறந்துட்டேன். அன்னிக்கு நீ கடைக்குப் போனப்ப அந்த வட்டு ஒண்ணு வெறுமனே கெடந்துச்சா, மழை வேற. நான் நல்லா எண்ணெய் போட்டு ஒத்தி வெச்சேன். துருவே பிடிக்காது.” கொஞ்சம் தயங்கினாள். “சரியாத்தானே செஞ்சேன்?”

அவர் ஜன்னலில் குனிந்து, அவள் தோளில் பெல்ட் முறுக்கிக்கொண்டிருந்த இடத்தைச் சரி செய்தார்.

“பாத்தேன்க்கா. அந்தப் பக்கம்தான் ரொம்ப நல்லா பிடிக்குது.”

அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். மடியில் கிடந்த இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகள் ஃபைலோடு ஓடி வந்து ஏறினாள். “போலாமா அத்த?” வண்டி மெல்ல நகர்ந்து, இறக்கத்தின் விளிம்பில் ஒரு கணம் நின்றது போல் இருந்து, முன்பக்கம் தாழ்ந்து இறங்கத் தொடங்கியது.

அவர் நடுத்தெருவுக்கு வந்து நின்று பார்த்தார். முதல் வளைவில் பின்விளக்குகள் சிவந்தன, அணைந்தன. பால்காரர் சைக்கிள் குறுக்கே வந்தது, மறுபடி சிவந்தன. வண்டி சின்னதாகிக்கொண்டே போனது. நாற்சந்திக்குச் சற்று முன்னால் மூன்றாம் முறையாகச் சிவந்து, இந்த முறை அணையாமல் நின்றன. யாரோ ஒரு பெண், ஒரு குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். அவசரமே இல்லாமல் கடந்தாள். அதன் பிறகு வண்டி திரும்பி, ஒரு கட்டடத்தின் பின்னால் மறைந்தது. ஆஸ்பத்திரி இன்னும் நாலு மைல்.

அவர் குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால் செருப்போடு தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.